ஓலையிலிருந்து கைப்பேசி வரை

(களமருதூரில் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற பங்கு மக்கள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த யூபிலி மலருக்கென வீடு வீடாகச் சென்று பழைய புகைப்படங்களையும் கடிதங்களையும் கேட்டு வாங்கி வருமாறு விழாக் குழுவினரை அனுப்பியிருந்தோம். சில நாட்கள் கழித்து அவர்கள் திரும்பி வந்து சொன்ன செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய திருமணப் படங்கள், புதுநன்மைப் படங்கள், திருவிழா நோட்டீசுகள், மறைந்த குருக்கள் எழுதிய அஞ்சலட்டைகள் ஆகியவை தகரப் பெட்டிகளிலிருந்தும் பரண்களிலிருந்தும் தாராளமாகக் கிடைத்தன. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் படங்களைக் கேட்டபோது பல வீடுகளில் ஒரே பதில்தான் வந்தது: "எல்லாம் பழைய போன்ல இருந்துச்சு சாமி, போன் கெட்டுப் போச்சு."

எண்ணிப் பாருங்கள். மனிதர் மிகுதியாகப் படம் பிடித்த காலம் நம்முடைய இக்காலமே. ஆயினும் நம் கையில் குறைவாக எஞ்சியிருப்பவையும் இக்காலத்தின் நினைவுகளே. இது எப்படி நேர்ந்தது? இதற்கு நாம் என்ன செய்யலாம்? இவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். கைப்பேசியைச் சபிப்பதற்காக நாம் இங்கு நிற்கவில்லை. நம்முடைய அங்கியின் பையிலும் ஒன்று இருக்கிறது; பூசை நேரத்தில் அது ஒலித்து நாம் வெட்கப்பட்டதும் உண்டு!

ஓலையும் தாளும்

திருமணத்திற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மணமக்களின் பெயரைக் கோயிலில் அறிவிக்கிறோம். அதற்கு நம் மக்கள் வழங்கும் பெயர் "ஓலை வாசித்தல்". இன்று எந்தக் கோயிலிலும் பனையோலையைக் கையில் எடுத்து யாரும் வாசிப்பதில்லை. காகிதத்தில் எழுதி வாசிக்கிறோம். ஆயினும் ஓலை என்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நம் முன்னோர் ஒரு காலத்தில் ஓலையை விட்டுத் தாளுக்கு மாறினார்கள் என்பதற்கு இச்சொல்லே சாட்சி.

அந்த மாற்றத்திலும் திருச்சபைக்குப் பங்கு உண்டு. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" என்னும் சிறு மறைக்கல்வி நூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதனை அச்சிட்டவர் இயேசு சபைக் குருவான என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார். இந்திய மொழிகளுள் முதன்முதலில் சொந்த எழுத்தில் அச்சேறிய பெருமை இவ்வாறு தமிழுக்குக் கிடைத்தது.

ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியிடாமல் எழுதிய வழக்கம் இருந்தது. படிப்பவர் இடம் நோக்கித்தான் குறிலா, நெடிலா, மெய்யா என்று அறிய வேண்டும். நம் பகுதிக்கு அருகிலுள்ள கோணான்குப்பம் பெரியநாயகி அன்னையின் ஆலயத்தோடு தொடர்புடைய வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்ட எழுத்தைச் சீர்செய்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆகவே எழுதும் பொருள் மாறுவது புதிதன்று. மாறும்போதெல்லாம் சில வசதிகள் வருகின்றன. சில பழக்கங்கள் போகின்றன. எது போகலாம், எது போகக்கூடாது என்று தெரிந்துகொள்வதே அறிவுடைமை.

தபால்காரர் வந்த காலம்

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் வீட்டோடு நமக்கு இருந்த ஒரே தொடர்பு இன்லண்ட் கடிதம். ஞாயிறு மாலையில் எழுதி, எச்சில் தொட்டு ஒட்டி, முகவரியில் "தென்னார்க்காடு மாவட்டம்" என்று எழுதுவோம். 1993இல் அது விழுப்புரம் மாவட்டமாயிற்று. 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமாயிற்று. பழைய உறைகளை அடுக்கி வைத்தால் நம் ஊரின் வரலாற்றையே முகவரியில் படித்துவிடலாம். கடிதம் போய்ச் சேர நான்கு நாள், பதில் வர இன்னும் ஒரு வாரம். நம் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உபதேசியார் வாசித்துச் சொல்வார். அவரே பதிலும் எழுதுவார். "உன் அம்மா அழுதுகொண்டே சொல்கிறாள்" என்று அவர் ஓரத்தில் சொந்தமாக ஒரு வரி சேர்த்துவிடுவார். அந்த ஒரு வரிக்காகவே கடிதத்தைப் பலமுறை படித்திருக்கிறோம்.

தந்தி என்றால் நடுக்கம். தந்திச் சேவகர் தெருமுனையில் தெரிந்தவுடனேயே, பிரித்துப் படிக்குமுன் பெண்கள் ஓலமிடத் தொடங்கிவிடுவார்கள். அந்தத் தந்தி ஏறக்குறைய 160 ஆண்டுகள் நம் நாட்டில் பணியாற்றி, 2013 ஜூலை 15ஆம் நாள் விடைபெற்றது. மணியார்டர் என்றால் மகிழ்ச்சி. பணத்தோடு வரும் துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். வெளியூருக்கு வேலைக்குச் சென்ற பிள்ளைகள் அவ்விரண்டு வரியில் தம் பாசம் முழுவதையும் அடக்கிவிடுவார்கள். முதியோர் உதவித்தொகையும் அன்று மணியார்டரில் வந்தது. தபால்காரரே வாசலில் நின்று எண்ணிக் கொடுப்பார்.

இக்காலத்தையெல்லாம் பொற்காலம் என்று நாம் சொல்லவில்லை. தந்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்து, தகப்பன் முகத்தைக் காணாமல் நின்ற மகன்கள் எத்தனை பேர்! கடிதத்தை வாசிக்க இன்னொருவரை நம்பியதால் குடும்ப இரகசியம் ஊருக்கெல்லாம் தெரிந்த வீடுகள் எத்தனை! ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அன்று ஒவ்வொரு செய்தியோடும் ஒரு மனிதர் வந்தார். சுமந்து வந்தவர் ஒருவர். வாசித்துச் சொன்னவர் ஒருவர். கேட்டு அழுதபோது தோளைத் தொட்டவர் ஒருவர். இன்று செய்தி மட்டும் வருகிறது. மனிதர் வருவதில்லை.

விரைவு தந்த நன்மைகள்

நம் நாட்டில் முதல் கைப்பேசி உரையாடல் நடந்தது 1995 ஜூலை 31ஆம் நாள். மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன, போயின. 2016இல் யு.பி.ஐ. முறை வந்த பின், உளுந்தூர்ப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் அம்மாவும் கூடைக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட அட்டையை வைத்திருக்கிறார். டென்மார்க் நாட்டில் 1624 முதல் நடந்துவந்த அரசு அஞ்சலின் கடித விநியோகம் 2025 இறுதியில் நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் 2025இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டது.

இதனால் விளைந்த நன்மைகளுக்கு நாம் நன்றி கூற வேண்டும். 2020இல் கொரோனா நோயின் காரணமாகப் புனித வாரத்திலும் கோயில் கதவுகள் அடைபட்டிருந்தபோது, தொலைக்காட்சியும் கைப்பேசியும்தாம் திருப்பலியை நம் வீட்டுக்குள் கொண்டு வந்தன. வளைகுடா நாட்டிலுள்ள தகப்பன் பிறந்த குழந்தையின் முகத்தை அன்றே பார்க்கிறார். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் நம் மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் பெட்டியோடு தாள்களைப் பறிகொடுப்பவர்கள், கணினியில் பதிவு இருப்பதால் தம் அட்டைகளின் நகலை மீண்டும் பெற முடிகிறது. தாளுக்கும் பகைவர் உண்டல்லவா? கறையான், வெள்ளம், நெருப்பு!

ஆயினும் இந்நன்மை எல்லார்க்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. கல்வராயன் மலையில் சிக்னல் தேடி மேட்டில் ஏறும் பிள்ளைகளுக்கும், பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் ஒரே தேர்வு. ரேஷன் கடையில் கைரேகை வைக்கும்போது, ஆண்டுக்கணக்காகக் கரும்பு வெட்டிய விரலை இயந்திரம் அறிந்துகொள்வதில்லை. உழைத்துத் தேய்ந்த விரலே அவருக்குத் தடையாகி நிற்கிறது.

மூன்று நிகழ்ச்சிகள்

நாம் முன்பு பணியாற்றிய பங்குகளில் கண்டவற்றைச் சொல்கிறோம்.

ஒரு பாட்டியம்மா. அவருடைய கணவர் பட்டாளத்தில் இருந்தவர். காலமாகிப் பல ஆண்டுகள். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மடிப்பையும் கறையையும் பார்த்தே, "இது மூத்தவன் பொறந்தப்ப எழுதுனது, இது சண்டை சமயத்துல எழுதுனது" என்று சொல்லிவிடுவார். அவருடைய மகன் வெளிநாட்டில் வேலைக்குச் சென்றான். அவன் எழுதவில்லை; நாள்தோறும் கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்புவான். "அம்மா, சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்ற குரலைப் பாட்டி மீண்டும் மீண்டும் கேட்பார். ஒருநாள் அந்த மகன் விபத்தில் இறந்தான். சில மாதங்களில் கைப்பேசி பழுதாயிற்று. பேரன் புதிதொன்று வாங்கித் தந்தான். பழையதில் இருந்தவை அழிந்துபோயின. பாட்டி நம்மிடம் வந்து, "சாமி, எம் புள்ள குரலு போயிடுச்சு. அவுங்க அப்பா எழுதுனது அம்பது வருசமா இருக்குது. இவன் பேசுனது ஒரு வருசம்கூட இல்லியே" என்று சொல்லி அமர்ந்துவிட்டார். நம்மிடம் பதில் இல்லை. அந்தப் பேரனையும் குறை சொல்ல இயலாது. பதிவை வேறோரிடத்தில் எடுத்து வைக்கலாம் என்று அவனுக்குச் சொல்லியவர் யாருமில்லை. நமக்கும் அது அப்போது தோன்றவில்லை.

மற்றொருவர் முதியவர், கணவனும் மனைவியுமாகத் தனியே வாழ்ந்தவர்கள். வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். "உங்கள் கணக்கு நின்றுவிடும், வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்" என்றான். ஓ.டி.பி. என்னும் அந்த எண்ணை அவர் சொன்னார். பேத்தியின் திருமணத்திற்குச் சேர்த்த பணம் சில நிமிடங்களில் போயிற்று. வெட்கத்தினால் அவர் மூன்று நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்திருந்தால், ஒருவேளை பணத்தை வழியிலேயே நிறுத்தியிருக்கலாம். வாசலில் நின்று எண்ணிக் கொடுத்த தபால்காரரின் முகத்தை அவர் அறிந்திருந்தார். போனில் பேசியவனுக்கோ முகமே இல்லை.

மூன்றாவது, நம் மனத்தை மிகவும் வருத்தியது. அந்தப் பங்கில் கோயில் ஒன்று. ஆனால் வாட்ஸ்அப் குழுக்கள் இரண்டு. தெருவுக்குத் தெரு வேறு. ஒரு நாள் ஒரு தெருவில் ஒருவர் இறந்தார். செய்தி ஒரு குழுவில் வந்தது, மற்றதில் வரவில்லை. மறு தெருவினர் அடக்கத்திற்கு வரவில்லை. "எங்களுக்குச் சொல்லவில்லை" என்று ஒரு சாராரும், "வேண்டுமென்றே வரவில்லை" என்று மறு சாராரும் பல மாதம் மனத்தாங்கலாய் இருந்தார்கள். அன்று நாம் எண்ணிக்கொண்டோம்: துக்க மணி அடித்த காலத்தில் இது நடந்திருக்குமா? மணியோசை தெருப் பார்த்துப் போவதில்லையே! ஓலை வாசித்தால் எல்லாரும் ஒரே கோயிலில், ஒரே நேரத்தில் கேட்டார்களே! பிரிவினை கைப்பேசியால் வந்ததன்று. அது முன்பே நம் உள்ளத்தில் இருந்தது. கைப்பேசி அதற்குச் சுவர் எழுப்ப எளிதான கருவியாயிற்று.

பங்கின் பதிவேடு

அன்பர்களே, நம் பங்கு இல்லத்தின் அலமாரியில் இருக்கும் திருமுழுக்குப் பதிவேட்டைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் பங்குகளில் பதிவேடுகள் எழுதக் கட்டளையிட்டது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் எண், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும் என்றும், அவற்றைச் சரியாக எழுதிப் பாதுகாப்பது பங்குத்தந்தையின் கடமை என்றும் கூறுகிறது. நீங்கள் மும்பையில் மணம் முடித்தாலும், அச்செய்தி நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குத் திரும்பி வந்து, உங்கள் பெயருக்கு அருகில் எழுதப்பட வேண்டும். எங்கே சென்றாலும் நம் பெயர் காத்திருக்கும் வீடு அது.

அண்ணன் தம்பி இருவர் தகப்பனாரின் நிலத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். தகப்பனாரின் பெயர் ஓர் அட்டையில் அந்தோணி, மற்றொன்றில் அந்தோணிசாமி, கணினியில் ஆண்டனி. மூவரும் ஒருவரே என்று நிரூபிப்பது எப்படி? பிரெஞ்சு நாட்டு மறைபரப்புக் குருக்களின் வழக்கப்படி இலத்தீனில் எழுதிய பழைய பதிவேட்டில், அவர் பெயரும், பெற்றோர் பெயரும், ஞானப் பெற்றோர் பெயரும், நாளும் இருந்தன. அச்சான்றும் ஏனைய தாள்களும் சேர்ந்து அவர்களுக்கு வழி திறந்தன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குருவானவர் விளக்கொளியில் அமர்ந்து சோம்பலின்றி எழுதிய நான்கு வரி, இன்று ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காத்தது.

ஆனால் திருமுழுக்குச் சான்று ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேருவது முதல் பல காரியங்களுக்கும் அரசின் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பிள்ளை பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். எல்லாத் தாளிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாம் செய்யக்கூடியவை

இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை நாம் மேற்கொள்வோமாக.

முதலாவது, நிலைத்திருக்க வேண்டியதைத் தாளில் எழுதுவோம். பங்கின் பதிவேடுகளைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்ற இளைஞர்கள் முன்வந்துள்ளார்கள்; அவர்களைப் பாராட்டுகிறோம். ஆயினும் கையெழுத்துப் பதிவேடு தொடர்ந்து எழுதப்படும். அதுபோலவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி, பிறப்பு, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றை நாளும் பெயருமாக எழுதி வையுங்கள். ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது அச்சிட்டு வையுங்கள். அன்பானவரின் குரல் இருந்தால், இரண்டு மூன்று இடங்களில் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, முதியோருக்கு நாம் தபால்காரராவோம். ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் கோயில் வளாகத்தில் நம் இளைஞர்கள் அமர்ந்திருப்பார்கள். வந்த செய்தியைப் படிக்கவும், மகனோடு பேசவும், உதவித்தொகை வந்ததா என்று பார்க்கவும் அவர்கள் உதவுவார்கள். இளைஞர்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள்: அவர்களுடைய இரகசிய எண்ணை நீங்கள் கேட்கவும் கூடாது, அறியவும் கூடாது. 2025 செப்டம்பர் 7ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், 2006இல் 15 வயதில் இறந்த சிறுவர். கணினியில் வல்லவர், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். ஆனால் நாள்தோறும் திருப்பலிக்குச் செல்வதை அவர் விட்டுவிடவில்லை.

மூன்றாவது, நேரில் செய்ய வேண்டியதை நேரில் செய்வோம். பங்குக்கு ஒரே குழு இருக்கட்டும்; எல்லாத் தெருவும் அதில் இருக்கட்டும். அதற்குமேல், இறப்பு நேர்ந்தால் மணியும் அடிக்கும், அன்பியப் பொறுப்பாளர்களும் எல்லாத் தெருவுக்கும் நடந்து சென்று சொல்வார்கள். திருமண அழைப்பைப் படமாக அனுப்பலாம். ஆனால் தாய்மாமன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு செல்லுங்கள். மனத்தாங்கலைத் தீர்க்கக் கைப்பேசியில் ஒரு பொம்மைப் படம் போதாது. வாசல் மிதிக்க வேண்டும். இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002இலேயே வத்திக்கான் தெளிவாக்கிவிட்டது. தண்ணீர் வேண்டும், அப்பம் வேண்டும், எண்ணெய் வேண்டும், தலைமேல் வைக்க ஒரு கை வேண்டும்.

யோவானின் இரண்டாம் மடல் விவிலியத்திலேயே மிகச் சிறிய ஏடுகளுள் ஒன்று. அதன் முடிவில் ஆசிரியர், சொல்ல வேண்டியது இன்னும் நிறைய உண்டு, ஆனால் அதைத் தாளிலும் மையிலும் சொல்ல விருப்பமில்லை, நேரில் வந்து பேசுவேன், அப்போதுதான் மகிழ்ச்சி நிறைவாகும் என்னும் கருத்தில் எழுதி முடிக்கிறார். அவர் காலத்தில் தாளும் மையுமே விரைவான கருவி. அதையே அவர் போதாது என்றார். ஏன்? அவர் அனுப்ப விரும்பியது செய்தியை மட்டுமன்று, தம்மையே.

அந்தப் பாட்டியம்மா இப்போது இல்லை. அவருடைய கணவரின் கடிதங்களைப் பேரன் பத்திரமாக வைத்திருக்கிறான். சென்ற முறை நம்மைக் கண்டபோது, "சாமி, இப்ப நானும் எம் பொண்ணுக்கு வாரம் ஒரு கடிதம் எழுதி வைக்கிறேன்; அவளுக்கு இன்னும் படிக்கத் தெரியாது" என்றான். இந்த மலரையும் அவ்வாறே உங்கள் பிள்ளைகளுக்காகப் பெட்டியில் வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அருகில் அமர்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும், தொலைவிலிருக்கும் உங்கள் பிள்ளைகளையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.